ஒன்பதாவது தடம்

சுவருக்குள் ஓடும் மின்சாரம்
ஏறத்தாழ ஜி சுருதியில் முனகுகிறது.
ஒரு மயிரிழை கூடுதல்.
தந்தியில் விரல் வைத்தால் வாயை மூடும்,
எடுத்தால் மறுபடி ம்ம்ம்.
ஜன்னலுக்கு முதுகைக் காட்டி
ஐஸ்பெட்டியைப் பார்த்து நின்றால் பாதியாகும்.
எங்கள் பாட்டில் வரும் பாஸ் முழுவதும்
ஐஸ்பெட்டிக்கு வாசித்துக் காட்டியது.

பகலில் நான் ஏர்கோன் பழுது பார்ப்பவன்.
இரவில், செந்தூல் அடுக்குமாடியின் ஆறாவது தளத்தில்,
பதிவு ஓடும்போது காற்றாடியையும் நிறுத்திவிட்டு
வியர்த்து ஒழுகுபவன்.

தனபாலன் காப்பாரிலிருந்து டிரம்ஸை அனுப்பிவிட்டான்.
லிங்கேஸின் கிட்டார் ஜொகூரிலிருந்து வந்தது,
கடைசி வரியில் அவன் குழந்தையின் தும்மலோடு.
பிரிசில்லா காருக்குள் உட்கார்ந்து
கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாடியிருக்கிறாள்.
ஏழு தடங்கள் நிரம்பிவிட்டன.
எட்டாவது நேர்கோடாய்க் கிடக்கிறது,
செத்தவன் இதயத் துடிப்பு மாதிரி.

பெட்டியில் நேராகச் சொருகிப் பதிந்தால்
யாருக்கும் தொல்லையில்லை.
ஆனால் அது உப்புப் போடாத கஞ்சி.
கம்ப்ரஸரை மிதித்துப் பார்த்தேன்.
பகலில் அந்தப் பெயருக்கு வேறு பொருள்:
அது வாயுவை நசுக்கும், இது சத்தத்தை.
இரண்டையும் அளவு மீறித் திருகினால்
மூச்சு நின்றுவிடும்.
கடைசியில் ஸ்பீக்கரைத் தரையிலேயே வைத்து
நான்கு விரற்கடை தள்ளி மைக்கை நிறுத்தினேன்.
அப்போதுதான் அதற்கு வயிறு முளைத்தது.

பன்னிரண்டாவது முறை வாசிக்கும்போது
கதவு தட்டப்பட்டது.
ஐந்தாவது தளத்து புவான் சல்பியா.
திட்டவில்லை.
கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி,
"டெங்கார்," என்றார்.

பதினான்கு விநாடி.
கண்ணாடி அலமாரிக்குள் தட்டுகள்
குளிர்காய்ச்சல்காரன் பல்லாய் அடித்துக்கொள்கின்றன.
முடிவில் அவருடைய ஓர் "இஷ்".
"பிங்கான் காவின்."
கல்யாணப் பீங்கான்.
முப்பத்தோரு வருடம், ஒன்றிலும் விரிசல் இல்லை.

என் பாஸ் அந்தப் பதிவில் எங்கேயும் இல்லை.
கைப்பேசியின் காது அவ்வளவு ஆழம் இறங்காது.

அவர் கீழே அலமாரி முன் நின்றார்,
நான் மேலே.
தொலைபேசியில் ஒவ்வொரு சுரமாய்த் தேடினோம்.
இ — அமைதி.
எஃப் — அமைதி.
எஃப் ஷார்ப்புக்கு ஒரு சந்தேகம்.
ஜி.
"ஹா! இத்து டியா!"
சுவர் முனகும் அதே ஜி.
பாட்டு தொடங்கும் இடமும் அதுதான்,
வீடு திரும்பும் இடமும் அதுதான்.

செய்தித்தாளை நான்காய் மடித்து
தட்டுகளுக்கிடையே செருகிக் கொடுத்தேன்.
பத்தரைக்குமேல் வாசிப்பதில்லை என்று
வாக்கும் கொடுத்தேன்.
பிறகு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே,
அந்தப் பதினான்கு விநாடியைக் கேட்டேன்.
"எதற்கு?"
"பாட்டுக்கு."
என்னை உச்சியிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார்,
கால்வரை. அனுப்பினார்.

வெட்டினேன். நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு தட்டு,
அதற்குள் தள்ளி உட்காரவைத்தேன்.
இரைச்சல் நீக்கி "இஷ்"ஷையும் விழுங்கப் பார்த்தது,
பிடித்து இழுத்துப் போட்டேன்.
தனபாலன் நள்ளிரவில் அழைத்தான்:
"ரெண்டாவது சரணத்துல யாருடா அது?
காசு கேப்பாங்களா?"

பாட்டு வெளிவந்து ஒரு வாரம்.
மின்தூக்கியில் புவான் சல்பியா,
ஒரு கையில் கங்கோங் கீரைக்கட்டு,
மறு கையில் கைப்பேசி, காதோரம்.
தட்டுகள் வந்ததும் புருவம் உயர்ந்தது.
"இதில் உன்னுடையது எது?"
"தட்டுக்குக் கீழே."
மறுபடி ஓடவிட்டார்.
மூன்றாவது தளம். நான்கு.
கண்ணை மூடிக்கொண்டுகூடக் கேட்டார்.
கதவு திறந்தது.

"தாக் டெங்கார் பூன்,"
என்று இறங்கிப் போனார்.